பயிர் காக்கத் துப்பாக்கி கொடுத்தாச்சு; சுட்டுப் பார்க்க இடம் எங்கே?

பூச்சியைக்கூடக் கொல்லாமல் விரட்டுவோம் என்று பேசுகிற நம்ம பத்திரிகையில் துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். எழுதித்தான் ஆகணும். மலையடிவாரத்தில் வெள்ளாமை செய்கிறவர்கள், தோட்டத்து வீட்டில் தனியாகக் குடியிருப்பவர்கள் என்று நம்மில் பலர் வீட்டு பீரோவில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்த உரிமம் மகன் பெயருக்கு மாறியது, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அந்தத் துப்பாக்கியைச் சுட்டால் ரவை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அகலத்துக்கு விரியும் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குப் பதில் தெரிந்தால் அதிகம். தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு இடம் கிடையாது.

எங்கள் ஜெயமங்கலம் வராக நதிப் பாசனம். பேரிலேயே பன்றியை வைத்திருக்கிற ஆறு. இப்போது அந்த ஆற்றோரப் புதரிலேயே பன்றி குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறது. நெல் பால் பிடிக்கும்போது வரும். வாழையில் கிழங்கைத் தோண்டும். நிலக்கடலை போட்டவன் பாடு சொல்லவே வேண்டாம். என்னிடம் இருப்பது பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கொடுத்த ஒற்றைக்குழல். அதை எங்கே சுட்டுப் பார்க்கலாம் என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். "தோட்டத்துல சுட்டா பக்கத்துத் தோட்டக்காரர் புகார் கொடுப்பாரு. காட்டுல சுட்டா ஃபாரஸ்ட் கேஸு. ஊருக்குள்ள சுட்டா எங்க கேஸு. நீங்க ஏன்யா சுடுறீங்க, சும்மா வச்சுக்கங்க" என்றார் அங்கிருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சும்மா வைத்துக்கொள்வதற்கு யாராவது துப்பாக்கி வாங்குவார்களா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் தோட்டா போடுகிற வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். 2016-ல் வந்த ஆயுத விதிகள், புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பயிற்சியில் சுடும் முறையும் ஒரு பாடம். ஆக, சுடத் தெரியாதவன் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதை அரசே ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் 2016-க்கு முன்னால் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பயிற்சி முடித்தவரும் தன் சொந்தத் துப்பாக்கியை, தான் வாங்கிய தோட்டாவோடு சோதித்துப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது.

துப்பாக்கியில் சோதிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ரவைத் துப்பாக்கியைப் பற்றி நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: "கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாலும் எங்கயாச்சும் படும்." இதைவிட ஆபத்தான பேச்சு இல்லை. குழலின் வாய் இறுக்கப்படாத துப்பாக்கியில் ரவை விரிவது தோராயமாக ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம். வீட்டுத் திண்ணையிலிருந்து தொழுவம் வரைக்கும் ஐந்தாறு கஜம் என்றால் ரவை மொத்தமும் ஒரு உள்ளங்கை அகலத்தில்தான் போகும். குறி தப்பினால் மொத்தமும் தப்பும். அதே துப்பாக்கி நாற்பது கஜத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விரிக்கும். அங்கே பன்றி மேல் ரெண்டு ரவை பட்டால், மிச்சம் பின்னால் இருப்பவர் மேல் படும்.

தோட்டாவுக்குத் தோட்டாவும் மாறும். எல்.ஜி. என்கிற பன்னிரண்டு போர் தோட்டாவில் ஆறு பெரிய குண்டுகள். ஆறாம் நம்பரில் இருநூறுக்கும் மேல் சின்ன ரவைகள். சின்ன ரவையே 200 மீட்டர் போகும். எல்.ஜி. குண்டு 600 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். நம்ம பக்கத்தில் 600 மீட்டருக்குள் எத்தனை தோட்டத்து வீடு, எத்தனை பேர் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருப்பாங்க என்று எண்ணிப் பாருங்கள். நாட்டுத் துப்பாக்கியில் இது இன்னும் மோசம். கருமருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு என்பதெல்லாம் கைக்கணக்கு. கூடிப்போனால் குழலே வெடிக்கும்.

சோதிக்கும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பரவலாகப் பின்பற்றப்படும் முறை ஒன்று இருக்கிறது. பெரிய காகிதத்தை அட்டையில் ஒட்டி நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 40 கஜத்தில் சுட்டு, ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். வீட்டுக் காவலுக்கு வைத்திருப்பவர் 5, 10, 15 கஜத்திலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் மூன்று முறையாவது சுட்டால்தான் கணக்குச் சரியாக வரும். குழல் இடமோ வலமோ இழுக்கிறதா என்பதும் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். அரை நாள் வேலை. ஆனால் அட்டைக்குப் பின்னால் கல் இல்லாத உயரமான மண்மேடு வேண்டும். அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது. அது எந்தச் சம்சாரியிடம் இருக்கிறது?

எங்களுக்கு வடக்கே கொடைக்கானல் மலை, தெற்கே மேகமலை. ரெண்டு பக்கமும் சரணாலயம். மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் காலை வைத்தாலே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது நியாயமும்கூட. நடுவில் இருக்கிற சமவெளியில் வாழையும் தென்னையும் வீடும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

சுடுதளம் என்று பேர் வைத்தால் மட்டும் ஆபத்து போய்விடாது. 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் இருந்த சுடுதளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி எடுத்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். அது ரைபிள் குண்டு, வெகுதூரம் போகக்கூடியது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் சுட்டும் இப்படி நடந்திருக்கிறது. அப்படியிருக்க, பயிற்சி இல்லாதவன் நடுராத்திரியில், பேட்டரி லைட் வெளிச்சத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் துப்பாக்கியைச் சுடுவதை என்ன சொல்வது? இன்றைக்கு நம்ம நிலைமை அதுதான்.

இதில் இயற்கை விவசாயிக்கு மட்டுமே உரிய கவலை ஒன்றும் இருக்கிறது. ரவை என்பது ஈயம். ஒரு தோட்டாவில் சுமார் 30 கிராம். தோட்டத்து மூலையில் சோதிக்கிறேன் என்று பத்துத் தோட்டா சுட்டால் கால் கிலோவுக்கு மேல் ஈயத்தை மண்ணில் விதைத்த மாதிரி. கல்லென்று நினைத்துக் கோழியும் மயிலும் அதைக் கொத்தி விழுங்கும். ஈர நிலங்களில் ஈய ரவை சுடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023-லிருந்து தடை செய்துவிட்டது. யூரியா வேண்டாம் என்று மண்ணைக் காப்பாற்றி வைத்திருக்கிற நாம் அதே மண்ணில் ஈயத்தைக் கொட்டலாமா? ஒரே இடத்தில் சுட்டால் மண்மேட்டைச் சலித்து ஈயத்தை எடுத்துவிடலாம். பொது இடம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இப்படி இடம் கொடுத்தால் வேட்டைக்குத்தான் வழி" என்பார்கள். காட்டுப்பன்றியைச் சுட நமக்கு உரிமை இல்லை, அது தெளிவு. துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே அனுமதி கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கொண்டு சுட வைக்கலாம். எது சரி என்பது தனி விவாதம். ஒருநாள் இங்கேயும் அப்படி வந்தால், சோதிக்காத துப்பாக்கியோடு யாரை அனுப்புவார்கள்? வேட்டைக்காரன் எந்தக் காலத்திலும் சுடுதளத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சுடப்போவதில்லை. அவனிடம் கள்ளத்துப்பாக்கி இருக்கிறது, அவுட்டுக்காய் இருக்கிறது.

வீட்டுக் காவல் விஷயமும் அப்படித்தான். பல்லடம் பக்கம் 2024 நவம்பரில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரிப் பக்கம் வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. எனக்கு அந்தக் குரலோடு முழு உடன்பாடு இல்லை. பத்தடி தூரத்தில், இருட்டில், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளை படுத்திருக்கிற வீட்டில் துப்பாக்கியை எடுக்கிறவருக்குத் தன் ரவை எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? நாய், விளக்கு, அக்கம்பக்கத்து ஆட்கள், போலீஸ் ரோந்து, இவைதான் முதல் காவல். பன்றிக்கும் உயிர்வேலியும் கூட்டுக்காவலும்தான் முதல். துப்பாக்கி கடைசி. கடைசியாக எடுக்கிற கருவி சரியாக இருக்க வேண்டும்.

குடகைப் பாருங்கள். அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் வாங்குவதிலிருந்தே விலக்கு உண்டு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போள்து பண்டிகையில் ஆயுதத்துக்குப் பூசை செய்வார்கள், தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி ஊர் ஊராக நடக்கும். அந்த விலக்கு நமக்கு வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஊரார் பார்க்க, பெரியவர்கள் மேற்பார்வையில் துப்பாக்கியை வெளியே எடுத்துச் சுட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

ஆகவே தேனி மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள், திருப்பித் தருகிறீர்கள். அதே பட்டியலை வைத்து வருஷத்துக்கு ஒரு நாள் எங்களைக் காவல்துறைச் சுடுதளத்துக்குக் கூப்பிடுங்கள். துப்பாக்கி பழுது பார்க்கத் தெரிந்தவர் முதலில் குழலைப் பார்க்கட்டும். ஆகாததை ஓரங்கட்டட்டும். மற்றவர்கள் அட்டையில் சுட்டுப் பார்த்துத் தங்கள் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அதற்குச் செலவாகும் தோட்டாவை உரிமத்தில் எழுதிய கணக்கில் கழிக்காதீர்கள். வனத்துறையும் வந்து எதைச் சுடக்கூடாது என்று நேரில் சொல்லட்டும். கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். முடிந்ததும் ஈயத்தைச் சலித்து அள்ளிவிடுங்கள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். மற்ற மாவட்டத் தோழர்களும் கொடுங்கள். உரிமம் இருந்தும் இத்தனை வருஷம் ஒரு தோட்டாகூடச் சுடாதவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் துப்பாக்கிதான் ஊருக்கே பெரிய ஆபத்து.