வெட்டும் முன் எண்ணுவோம்!

நம்ம பசங்க செஸ் ஆடுறதே கோரிப்பாளையத்தில் பஸ் பிடிக்கப் பாயுற மாதிரிதான். கிடைச்சதை வெட்டு! குதிரையால் ராஜாவுக்கும் யானைக்கும் சேர்த்துக் குறி வைத்தால் ஒரே கைதட்டல். அது வேண்டியதுதான். ஆனால் காய்மாற்றக் கணக்கைத்தான் முதலில் பழகணும் என்பேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இருந்தும் டிரா ஆகவேண்டிய நிலை. 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானைக்கு யானை மாற்ற முன்வந்தார். அவருடைய பிஷப்போ மூலையில்! குகேஷ் யானையை வெட்டி, பிஷப்பை எதிரே நிறுத்தினார். தப்ப வழியில்லை, அதுவும் மாறியது. மிச்சம் ராஜாக்கள், 2 சிப்பாய்க்கு எதிராக 1. அவ்வளவுதான், 18 வயதில் சாம்பியன்! நம்ம வயசு.

ஆகவே ராணிக்கு ராணி வெட்டுமுன், கடைசியில் எந்தச் சிப்பாய் மிஞ்சும், ராஜா எட்டிப் பிடிக்குமா என்று விரல் விட்டு எண்ணுங்கள். 'சீக்கிரம் ஆடுடா'ன்னு கத்துறவன் கத்தட்டும்.