நெட் 68... 38 பாயிண்ட்... கோல்ஃப் கிளப் ரிசல்ட்டை எப்படிப் படிப்பது? கிண்டி நிலம் ஏன் கோர்ட்டுக்குப் போனது?

திங்கள்கிழமை காலை பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், கடைசி மூலையில் ஒரு சின்னச் செய்தி வரும். "கிளப் மாதாந்திரப் போட்டி: முதலிடம், நெட் 68. இரண்டாமிடம், நெட் 71. ஸ்டேபிள்ஃபோர்ட் பிரிவில் 38 பாயிண்ட்." கூடவே கோப்பையோடு நாலு பேர் சிரிக்கும் போட்டோ. நம்மில் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

காரைக்கால் தருமபுரம் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் தூரம். யாழ்முரிநாதர் கோயில் இருக்கிற அந்த ஊரில் மட்டுமல்ல, காரைக்கால் மாவட்டத்திலேயே கோல்ஃப் மைதானம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் ஸ்டம்பை நட்டால் கிரிக்கெட், கயிற்றைக் கட்டினால் வாலிபால். அவ்வளவுதான் நமக்கு.

அப்புறம் எதுக்கு இந்தக் கட்டுரைன்னு கேட்கலாம். இரண்டு காரணம் இருக்கு. ஒன்று, கோல்ஃபில் ஜெயித்தவரை முடிவு செய்யும் விதம் ஒரு சுவாரசியமான கணக்கு. இரண்டு, அந்த ஆட்டம் நடக்கும் இடம் பல ஊர்களில் அரசு நிலம், அதாவது நம்ம நிலம். சென்னை கிண்டியில் அந்த நிலம்தான் பெரிய வழக்காக வெடித்தது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆட்டம் என்ன? 1 நிமிடத்தில்

கோலி விளையாடியிருப்பீங்க. குண்டை உருட்டிக் குழிக்குள் தள்ளணும். கோல்ஃபும் அடிப்படையில் அதுதான். பந்தை மட்டையால் அடித்து, சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் குழியில் போடணும். இப்படி 18 குழிகள். யார் குறைவான அடியில் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். ஸ்கோர் குறைய குறைய நல்லது.

ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு உண்டு. அதுதான் 'பார்'. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. பதினெட்டையும் கூட்டினால் பெரும்பாலும் 70 முதல் 72 வரும். பாரைவிட ஓர் அடி குறைவு என்றால் 'பேர்டி', இரண்டு குறைவு என்றால் 'ஈகிள்', ஓர் அடி கூடுதல் என்றால் 'போகி'.

அப்போ 'நெட் 68' என்றால்?

இங்கேதான் விஷயம் இருக்கு. கிளப் போட்டியில் 25 வயசு வாலிபரும் 70 வயசு தாத்தாவும் ஒரே பட்டியலில் மோதுவார்கள். அது எப்படி நியாயம்?

அதுக்குத்தான் 'ஹேண்டிகேப்'. ஒருவர் வழக்கமாக எவ்வளவு கூடுதல் அடி எடுப்பார் என்பதைக் கணக்குப் போட்டு, அதைக் கழித்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு, பார் 72 உள்ள மைதானம் என்று வச்சுக்கோங்க.

• தாத்தா எடுத்த மொத்த அடி 88. இது 'கிராஸ்'. அவர் ஹேண்டிகேப் 20. கழித்தால் 68. இதுதான் 'நெட்'.
• வாலிபர் எடுத்தது 76. ஹேண்டிகேப் 5. நெட் 71.

வாலிபர் 12 அடி குறைவாக ஆடியிருக்கிறார். ஆனால் நெட் பிரிவில் கோப்பை தாத்தாவுக்கு! கிராஸ் பிரிவுக்குத் தனிப் பரிசு இருந்தால் அதை வாலிபர் வாங்குவார். ஒரே போட்டிக்கு இரண்டு 'முதல் பரிசு' செய்தியில் வருவது இதனால்தான்.

சின்ன வயசில் கூட்டத்தில் பொடியனைச் சேர்த்துக்கொள்ள 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சொல்வோமே, அது மாதிரியா? கொஞ்சம் அது மாதிரி, ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அந்தப் பொடியன் ஜெயித்தாலும் கணக்கில் வராது. இங்கே சலுகையோடு ஆடியவர் ஜெயித்தால் அது முழு வெற்றி.

38 பாயிண்ட் எங்கிருந்து வந்தது?

இது 'ஸ்டேபிள்ஃபோர்ட்' முறை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கியது. 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் அவர் முறைப்படி போட்டி நடந்தது. இதில் மட்டும் பாயிண்ட் கூடினால் நல்லது. ஹேண்டிகேப் சலுகையைக் கழித்த பிறகு,

• போகி அடித்தால் 1 பாயிண்ட்
• பார் என்றால் 2
• பேர்டி என்றால் 3
• ஈகிள் என்றால் 4
• பாரைவிட இரண்டு அடியோ அதற்கு மேலோ போனால் 0

18 குழியிலும் தலா 2 எடுத்தால் 36. அதாவது 36 பாயிண்ட் எடுத்தவர் தன் ஹேண்டிகேப் அளவுக்குச் சரியாக ஆடியிருக்கிறார். 38 என்றால் தன் வழக்கத்தைவிட 2 அடி நல்லா ஆடியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு குழியில் பந்து தண்ணீருக்குள் போய் சொதப்பினாலும் அந்தக் குழிக்கு 0-தான். ஆட்டமே போச்சு என்ற நிலை வராது. சாதாரண ஆட்டக்காரர்களுக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

இரண்டு பேர் சமமாக வந்தால்? பொதுவாகக் கடைசி 9 குழிகளில் யார் நல்லா ஆடினார் என்று பார்ப்பார்கள்.

இதில் ஏமாற்ற முடியாதா?

முடியும். வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொண்டு, கோப்பைப் போட்டியில் மட்டும் ஒழுங்காக ஆடுபவர்கள் உலகம் முழுக்க உண்டு. கிளப் ரிசல்ட்டில் நெட் 58 மாதிரி ஒரு எண் வந்தால் மற்ற உறுப்பினர்கள் புருவத்தை உயர்த்துவது இதற்காகத்தான்.

இதைக் கட்டுப்படுத்த 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். மைதானம் எவ்வளவு கடினம் என்பதும் கணக்கில் சேரும். மோசமான ஆட்டங்கள் தானாகக் கழிந்துபோவதால், சும்மா இரண்டு மூன்று முறை சொதப்பி எண்ணை ஏற்றுவது கஷ்டம்.

ஆக, ஆடுகிறவர்களுக்குள் நியாயம் இருக்கணும் என்று இவ்வளவு மெனக்கெட்ட விளையாட்டு இது. அந்த நியாயம் வேலிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் கிடைத்ததா? இனி கிண்டிக்குப் போவோம்.

கிண்டியில் என்ன நடந்தது?

கிண்டி ரேஸ் மைதானம் தெரியும். குதிரை ஓடும் பாதைக்கு உள்ளே இருக்கும் புல்வெளியில்தான் 1884-ல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தது மெட்ராஸ் ரேஸ் கிளப். நில உரிமையாளர், அரசு.

• 1946: 160.86 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை. 1945-லிருந்து கணக்கு. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய்.
• 1970: வாடகையை உயர்த்த அரசு நோட்டீஸ். ஒப்பந்தத்தில் அப்படி ஓர் அம்சமே இல்லை என்று கிளப் மறுத்தது.
• 2023 மார்ச்: 1970 முதல் 2004 வரையிலான பாக்கி 730.86 கோடி ரூபாயை ஒரு மாதத்தில் கட்டச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.
• 2024 ஜூன்: ஊட்டியில் அதே ரேஸ் கிளப் வசம் இருந்த 52 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசு மீட்டது.
• 2024 செப்டம்பர்: கிண்டி குத்தகை ரத்து. மைதானத்துக்கு சீல்.
• 2024 அக்டோபர்: 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்க, தோட்டக்கலைத் துறையிடம் நிலம்.

வேளச்சேரி பக்கம் வெள்ளம் தேங்குவதைக் குறைக்க அந்த நிலத்தில் மாநகராட்சி குளங்களும் வெட்டியது. இதை எதிர்த்து வழக்குகளும் தொடர்ந்தன.

614 ரூபாய் அதிகமா, குறைவா?

டெல்டாக்காரர்களுக்கு ஏக்கர் கணக்கைவிட வேலிக் கணக்கு சட்டுன்னு புரியும். ஒரு வேலி கிட்டத்தட்ட 6.6 ஏக்கர். அப்படிப் பார்த்தால் கிண்டி நிலம் 24 வேலிக்கும் கொஞ்சம் கூட. அதுவும் சென்னையின் நடுவில்!

வாடகையை ஏக்கருக்கு வகுத்தால் ஆண்டுக்கு 4 ரூபாய்கூட வரவில்லை. கோயில் நிலத்தில் ரெண்டு மா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர், மழையில் கதிர் சாய்ந்த வருஷத்திலும் குத்தகை பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு. அவர் கண்ணில் இந்த 614 ரூபாய் எப்படித் தெரியும் என்று யோசிச்சுப் பாருங்க.

கிளப் தரப்பு வாதத்தையும் சொல்லணும். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், எழுதினதை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது என்பது சட்டத்தில் வெற்று வாதம் இல்லை. ஆனால் அரசு நிலம் என்பது பொதுச் சொத்து. 1945-ன் விலையிலேயே அது நின்றுபோனால் இழப்பு யாருக்கு? ஆட்டத்தையே பார்த்திராத மக்களுக்குத்தான்.

கோல்ஃப் மைதானமே கூடாதா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். கான்கிரீட் ஏறிய நகரத்தில், மழைத்தண்ணீர் இறங்க இடம் தரும் திறந்தவெளி பெரிய விஷயம். புல்லுக்கு நிறையத் தண்ணீர் வேணும் என்பது உண்மை. சுத்திகரித்த கழிவுநீரைக்கொண்டு அதைச் சமாளிக்க வழி இருக்கு. யார் உள்ளே போகலாம் என்பதுதான் பெரிய கேள்வி.

கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் பொது நிலம். அங்கே ஆட குலுக்கல் முறையிலும் இடம் கிடைக்கும். பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் நாயோடும் குழந்தையோடும் நடந்து போவார்கள். நம்ம நாட்டிலும் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் கோல்ஃப் மைதானத்தில், உறுப்பினராக இல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம்.

கதவு திறந்தால் என்ன கிடைக்கும்?

2009 இந்தியன் ஓபனை ஜெயித்த சி.முனியப்பா, பெங்களூருவில் மற்றவர்களின் கோல்ஃப் பையைச் சுமந்த 'கேடி'. 1991-ல் ஜெயித்த அலி ஷேரும் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2016, 2017 என அடுத்தடுத்து அதே கோப்பையை வென்ற எஸ்.எஸ்.பி.சௌராசியா, கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகன். உறுப்பினர் அட்டை இல்லாமல் வேலைக்கார வாசல் வழியாக ஆட்டத்துக்குள் வந்தவர்கள் இவர்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவது வந்தார். 2021 ஆகஸ்ட்டில் அந்தச் சனிக்கிழமை காலை, பேர்டி என்றால் என்னவென்றே தெரியாத பல பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆர்வம் நம்மிடம் இல்லாமல் இல்லை.

கிளப் பூட்டப்படும்போது முதலில் அடிபடுவதும் கேடிகள், புல் வெட்டுபவர்கள் மாதிரியான தினக்கூலிகள்தான். உறுப்பினர்கள் வேறு கிளப்புக்குப் போய்விடலாம். நிலத்தை மீட்கும் அரசு, இவர்களுக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மீட்பு முழுமையாகும்.

கடைசியாக, நீங்க கவனிக்க வேண்டியவை

• ரிசல்ட்டில் 'நெட்' என்று இருந்தால், சலுகை கழித்த ஸ்கோர். 'கிராஸ்' என்று இருந்தால், அசல் அடி.
• ஸ்டேபிள்ஃபோர்டில் 36-ஐத் தாண்டினால் நல்ல ஆட்டம்.
• மைதானம் அரசு நிலமா, குத்தகை எவ்வளவு, எப்போது முடிகிறது? கோல்ஃபுக்கு மட்டும் இல்ல, உங்க ஊர் கிளப், சங்கக் கட்டடம், தனியார் ஆக்கிரமித்த திடல் எதுவாக இருந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாம்.
• மீட்ட நிலம் பூங்காவாக மாறினால், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்க. கிளப்பின் கதவைத் திறந்துவிட்டு, டிக்கெட் விலையால் மறுபடி மூடினால் பழைய கதைதான்.