உறையின்மேல் யார் பெயர்?



நம் அடுக்களைக்குள் ஒரு மாற்றம் ஓசையின்றி நுழைந்துகொண்டிருக்கின்றது. நம்மவர் அதனை விலை மாற்றமாக மட்டுமே காண்கின்றனர். யாம் அதனை மொழி மாற்றமாகவும் காண்கின்றோம்.

அண்மையில் எம் ஊர்ப் பேரங்காடி ஒன்றிற்குத் துவரம்பருப்பு வாங்கச் சென்றிருந்தோம். பல்லாண்டுகளாக யாம் வாங்கிவந்த பொதி, கண்ணுக்கு நேரான தட்டில் இல்லை. அடித்தட்டின் மூலையில் இரண்டே கிடந்தன. அது நின்றிருந்த இடத்தில், அங்காடியின் பெயரையே தாங்கிய பொதிகள் அணிவகுத்து நின்றன. பருப்பு, உளுந்து, சீரகம், மிளகாய்த்தூள், உப்பு என எல்லாவற்றின்மேலும் ஒரே பெயர், ஒரே முகம். விலையும் சற்றுக் குறைவே. ஒன்றை எடுத்துப் பார்த்தோம். முகப்பில் ஆங்கில எழுத்தில் ‘தூர் தால்’ என்றிருந்தது. புரட்டினோம், பின்புறத்தில் இந்தி இருந்தது. துவரம்பருப்பு என்னும் சொல் எங்கணும் இல்லை.

இவ் வணிக முறை புதியதன்று. பிரஞ்சு நாட்டுக் காரஃபூர் அங்காடி 1976-இலும், கனடா நாட்டு லாப்லா அங்காடி 1978-இலும், பிறர் விளம்பரப் பெயர்களைத் தாங்காத எளிய உறைப் பொருள்களைத் தம் தட்டுகளில் ஏற்றின. செருமானிய ஆல்டி கடைகளில் இன்று விற்பனவற்றுள் பெரும்பாலானவை அக்கடைகளுக்கே உரிய பெயர்களைத் தாங்கியவை. பேரங்காடி பெரும்பாலும் தானே ஆலை வைத்து அரைப்பதில்லை. யாரோ ஓர் ஆலையாரிடம் மொத்தமாக வாங்கித் தன் உறையில் அடைக்கின்றது. தனி விளம்பரச் செலவில்லை; ஆகவே விலையைக் குறைக்க முடிகின்றது. எப்பொருள் எத்துணை விற்றது என்னும் கணக்கும் அதன் கையில். எதனைக் கண்முன் வைப்பது, எதனைக் காலடியில் தள்ளுவது என்னும் ஆளுமையும் அதன் கையில். பந்தயத்தில் ஓடுபவனும் அவனே; நடுவனும் அவனே!

இதில் மொழிக்கு என்ன இடர் என வினவுவீர்கள். பழைய மளிகைக் கடையில் வாய் திறவாமல் எதனையும் வாங்கவியலாது. ‘அண்ணாச்சி, அரைக்கிலோ உளுத்தம்பருப்பு, நூறு கிராம் சீரகம்’ என்று நம் பெண்டிர் கேட்டனர். அவர் தமிழிலேயே சீட்டெழுதினார். பேரங்காடியிலோ வாய்க்கு வேலையில்லை. கை எடுக்கின்றது, கூடை கொள்கின்றது. அங்கே பேசுவது உறை ஒன்றே. எனவே உறையை அச்சிடுபவன் எவனோ, அவனே நம் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்கும் ஆசிரியனாகின்றான். எம் வகுப்பில் ஒரு மாணவன், தன் வீட்டில் வாங்குவது ‘உரத் தால்’ என்றான். அதுதான் உளுத்தம்பருப்பு என்று யாம் கூறியபொழுது, நாள்தோறும் இட்டலி உண்ணும் அப்பிள்ளை வியந்து நின்றான்!

ஈரோட்டிலோ விருதுநகரிலோ இருந்து தமிழர்க்கே விற்கும் ஒருவர்க்குத் தமிழில் அச்சிடவேண்டிய தேவை உண்டு. ஆனால் இந்தியா முழுமைக்கும் ஓருறை அச்சிடும் பெருநிறுவனத்திற்கு அத்தேவை இல்லை. சட்டமும் அதனைக் கேட்பதில்லை. பொதியிடப்பட்ட பொருள்களைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், உணவு உறைகளைப் பற்றிய 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், ஆங்கிலம் அல்லது தேவநாகரி எழுத்திலான இந்தி இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை; அவ்வளவே. தயிர்ப் பொதியில் ‘தஹி’ என்று அச்சிடுமாறு 2023 மார்ச்சில் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்ததும், தமிழ்நாடு எதிர்த்தெழவே அம்மாதம் 30-ஆம் நாள் அது பின்வாங்கியதும் நினைவிருக்கும். அப்பொழுதும் ‘தயிர்’ என்னும் சொல்லுக்குக் கிடைத்த இடம் யாது? ஆங்கிலச் சொல்லை அடுத்த அடைப்புக்குறிக்குள்!

மொழியோடு மாந்தனும் மறைகின்றான். அங்காடிப் பெயர் தாங்கிய பொதிகள் சிலவற்றில், செய்தவர் பெயரும் ஊரும் இன்றி, அவருடைய 14 இலக்க உரிம எண் மட்டுமே நிற்கின்றது. உழைத்தவன் எண்ணாகிவிட, விற்பவன் பெயராகி நிற்கின்றான்.

விலை குறைந்த பொதியை எடுக்கும் ஏழைத் தாயை யாம் குறைகூறோம்; மாதக் கடைசியில் பத்து உருபா என்பது பெரும்பொருள். குற்றம் வெளியார்மீது மட்டுமா? அதுவும் இல்லை. தமிழரே நடத்தும் அங்காடிகளும் தம் பெயர்ப் பொதிகளில் ஆங்கிலத்தையே பூசுகின்றன. பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகளுக்கான நெறிமுறை. வாயிலில் தமிழைத் தொங்கவிட்டு, உள்ளே தட்டிலிருந்து அதனை இறக்கிவிடுவது என்ன நேர்மை?

ஆயினும் இந்நிலையிலேயே நமக்கொரு வாய்ப்பும் உள்ளது. முன்பெல்லாம் கேட்டால், ‘உறை எம்முடையதன்று, செய்தவரைக் கேளுங்கள்’ என்று அங்காடிக்காரர் கைவிரிக்கலாம். இன்று உறையும் அவருடையதே. இனி விடைகூற வேண்டியவர் அவரே.

ஆகவே தோழர்களே, கணக்கு முடிக்குமிடத்தில் நின்று பொறுப்பாளரை அழைத்துக் கேளுங்கள், மடலெழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் விற்கும் பொதியின் முகப்பில் தமிழ்ப்பெயர் பெரிதாக இருத்தல் வேண்டும். செய்தவர் பெயரும் ஊரும் விளங்குதல் வேண்டும். அந்தந்த மாநில மொழியைக் கட்டாயமாக்கும்படி நெறிமுறையைத் திருத்துமாறு தமிழ்நாட்டரசு நடுவணரசை நெருக்குதல் வேண்டும். அதுவரை, தெருமுனை மளிகைக் கடைக்கு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். வேண்டிய பொருளின் பெயரை அவன் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

அடித்தட்டுக்குப் போன பொருளை நாளையே மேலே ஏற்றிவிடலாம். நாவிலிருந்து இறங்கிய சொல்லை ஏற்றுதல் அத்துணை எளிதன்று.