எல்லை கடந்த யானைகள்

வேற்றுலக உயிர்களைக் கற்பனை செய்யும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் அவற்றுக்குப் பூச்சியின் கண்களையோ பாம்பின் தோலையோ கொடுப்பார்கள். அமெரிக்க எழுத்தாளர்களான லாரி நிவென், ஜெரி பூர்னெல் ஆகிய இருவரும் தும்பிக்கையைக் கொடுத்தனர். 1985ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபுட்ஃபால்' என்னும் அவர்களுடைய புதினத்தில், விண்கலம் ஏறிப் பூமிக்கு வருவோர் யானைக்கன்றை ஒத்த உருவினர். ஃபித்ப் என்பது அவர்களின் இனப்பெயர். அவர்கள் தனித்து வாழ அறியாதவர்கள். கூட்டமே அவர்களுக்கு எல்லாம். போரில் தோற்ற கூட்டம் பணிந்ததும் வென்ற கூட்டத்தோடு ஒன்றாகிவிடும். தோற்ற பின்னும் எதிர்த்து நிற்கும் மனிதரைக் கண்டு அவர்கள் திகைக்கின்றனர். பெரும் விண்கல் ஒன்றை இந்தியப் பெருங்கடலில் விழச்செய்து பேரழிவையும் விளைவிக்கின்றனர்.

கதை விறுவிறுப்பானதே. ஆயினும் அதன் தும்பிக்கையும் கூட்ட வாழ்வும் மட்டுமே யானையிடமிருந்து பெற்றவை. நாடு பிடிக்கும் ஆசை மனிதனிடமிருந்து பெற்றது. யானைகள் உண்மையில் எல்லை கடந்தால் என்ன நிகழும் என்பதை அறிய விண்வெளிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்தைப் பார்த்தாலே போதும்.

நெடுங்காலமாகக் காட்டுயானைகள் இல்லாதிருந்த அவ்வட்டாரத்திற்கு 1980களில் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. அங்குக் காடு துண்டுபட்டதும் தீனியும் நீரும் குறைந்ததுமே அவற்றை நகர்த்தின. கன்றுகளை நடுவில் வைத்து, மூத்த பிடி வழிகாட்ட அவை நடந்தன. பலமனேர், குப்பம் பகுதிக் காடுகள் 1990ஆம் ஆண்டு கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் ஆயின. எனினும், வளர்ந்த யானை ஒன்று நாள்தோறும் சுமார் 150 கிலோ தீனி உண்ணும். காட்டில் கிடைக்காதபோது கரும்பையும் நெல்லையும் வாழையையும் நாடும். ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழந்த உழவர்கள் பலர், உயிரிழந்தோரும் உண்டு. மின்வேலியில் சிக்கி மடிந்த யானைகளும் உண்டு.

இதனை யானைகளின் 'படையெடுப்பு' எனச் சிலர் சொல்கின்றனர். அச்சொல் புதினத்திற்குப் பொருந்தும், இங்குப் பொருந்தாது. படையெடுப்பு என்று பெயரிட்டுவிட்டால், விரட்டுவது ஒன்றே வழியாகத் தோன்றும். பசித்து வந்தவை என்று கண்டால்தான் காட்டில் தீனியும் நீரும் பெருக்க வேண்டும் என்னும் எண்ணம் பிறக்கும்.

மேலும், அயலார் யார் என்று இவ்வட்டாரத்தில் எளிதில் சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் உள்ள புத்தூர் முன்பு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அவ்வூரில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள், இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேறு மாநிலத்தார் ஆயின. யானைகளோ அசைந்து வந்ததால் அயலாயின. அக்கோடு வரையப்பட்டதை யானைக்கு யாரும் அறிவிக்கவில்லை!

பயிரிழந்த உழவருக்கு இழப்பீடு அந்தப் பருவத்திலேயே சென்றடைய வேண்டும். அடுத்த விதைப்புக்கு உதவாத பணத்தால் அவரது சினம் தணியாது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்றும் யானைகள் நடக்கும் காட்டுவழிகளைச் சேர்ந்து காக்கவும் வேண்டும். 2025ஆம் ஆண்டு கர்நாடகம் பயிற்சி பெற்ற கும்கி யானைகளை ஆந்திரத்திற்கு அளித்தது நல்ல தொடக்கம். வயலில் இறங்கிய யானையைக் கும்கி காட்டுக்குள் திருப்பிவிடும். ஆனால் காட்டுவழி அறுபட்டிருந்தால், அந்த யானை மறுநாள் இறங்குவது இன்னொருவர் வயலில்தான்.