தூங்குகிறவரிடம் யார் அனுமதி கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காப் பக்கம் போனால், கழுத்தில் கேமரா தொங்கும் இளையர்கள் சிலரை எப்படியும் பார்க்கலாம். பூச்சரம் தொடுக்கும் விரல்கள், காய்கறிக் கடையில் பேரம், வாரம் முழுதும் உழைத்த களைப்பில் புல்வெளியில் கண்ணயர்ந்த வெளிநாட்டு ஊழியர். படமெடுக்க இதைவிட நல்ல இடம் இத்தீவில் குறைவு.

அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. முன்பின் தெரியாத மனிதர்களை யாரோ இயல்பாகப் படம் பிடித்து வைத்ததால்தான் அந்தக் காலத்துச் சிங்கப்பூர் ஆறும் சைனாடவுன் தெருக்கடைகளும் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

சிகாகோவில் குழந்தைப் பராமரிப்பாளராக இருந்த விவியன் மையர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கும் ரோலிஃபிளெக்ஸ் கேமரா அவருடையது. தம்மை ஒருவர் படமெடுக்கிறார் என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் 2009ல் இறக்கும்வரை அவர் அவற்றைப் பிறருக்குக் காட்டியது அரிது. கழுவாமலே கிடந்த படச்சுருள்களும் ஏராளம். நாமோ எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் இன்ஸ்டகிராமில் ஏற்றிவிடுகிறோம்.

பொது இடத்தில் பிறரைப் படமெடுப்பதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014ல் வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. அந்த விவரங்களில் படமும் அடங்கும். நல்லெண்ணத்தோடு பதிவேற்றும் மாணவரை இது தொடாது.

சிக்கலே அந்த நல்லெண்ணத்தில்தான். புல்வெளியில் தூங்குகிறவரின் முகத்தைப் போட்டு ‘உழைப்பின் வலி’ என்று தலைப்பும் வைக்கிறோம். அவரோ வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்பவராக இருக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் போய்ச் சேர ஒரே ஒரு பகிர்வு போதும். மனைவிக்கும் பெற்றோருக்கும் என்ன சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பது அவர் முடிவு. அதை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

முதலிலேயே கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். உண்மைதான். எடுத்த பிறகு கேட்கலாமே! தூங்குகிறவர், அழுகிறவர், சிறு பிள்ளைகள் ஆகியோரின் முகம் தெரியும் படங்களை வெளியிடாமலே விடலாம். மற்றவர்களிடம் படத்தைக் காட்டலாம். வேண்டாம் என்றால் அவர் கண் முன்பே அழித்துவிடலாம். தேக்காவில் தமிழ் மாணவர்களுக்கு இது இன்னும் எளிது. “அண்ணே, உங்களை ஒரு படம் எடுத்தேன், பாருங்க” என்றால் போதும். அவரே “எனக்கும் அனுப்பு தம்பி, வீட்டுக்கு அனுப்பணும்” என்று கேட்டாலும் கேட்பார்.