குட்டி யானைக்குப் பெரிய டயர் எதற்கு?

வங்கியில் இருந்தவரை, "தகுதிக்கு மீறிக் கடன் வாங்காதீங்க"ன்னு விவசாயிகளுக்குப் புத்தி சொன்னவன் நான். ஓய்வுக்குப் பின், காய்கறி ஏற்றும் குட்டி யானைக்கு அளவுக்கு மீறிய டயர் மாட்டினேன். சேற்றில் சிக்காதுன்னு கடைக்காரர் சொன்னதை நம்பினேன். திருப்பத்தில் மட்கார்டில் உரசியது; பாரத்தோடு மேடேற இழுவை போதவில்லை. வேகத்தையும் மீட்டர் குறைத்தே காட்டும்.

சேற்றில் பிடிப்பு தருவது உயரமல்ல, பட்டன். 'ஆல் சீசன்' என்ற பெயரும் வெண்பனி விழும் நாடுகளுக்கானது. நமக்கு வெயிலும் மழையும்தான்.

கம்பெனி சொன்ன அளவையே, சுமை தாங்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்க. பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் 2024-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க, ஏமாறாதீங்க.

நான் பழைய அளவுக்கே திரும்பிட்டேன். இரண்டு முறை டயர் வாங்கிய காசை எந்த வெள்ளாமையில் எடுப்பது?