வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணாதீங்க!

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமா விடுற பீலாவை இந்தத் தடவை விடப் போறதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்துல ஒரு பழைய மாருதி 800-க்கு அடியில குடியிருந்தேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கரி, ஆயில் எல்லாம் அலர்ஜின்னா இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

வண்டி 1998 மாடல். மூணு சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வச்சது. என்னை விட ஒரு வயசு சின்னது. அப்பா அதை 2003-ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்துல அது எவ்வளவு பெரிய காரியம்னு அப்ப எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் யாரு உக்காருறதுன்னு அக்காவோட சண்டை போட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. 2019-ல கண்ணுல பிரச்சனை வந்து அப்பா ஓட்டுறதை நிறுத்தினார். வண்டி போர்ட்டிகோவுல நின்னுச்சு.

இங்கதான் நம்ம அறிவாளித்தனம் உள்ள வருது. போன்ல நான்தான் சொன்னேன்: "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணிருங்கப்பா, வண்டி நல்லா இருக்கும்." இன்ஜினியரிங் படிச்ச பையன் சொல்றானேன்னு அவரும் ஞாயித்துக்கிழமை தவறாம அதைச் செஞ்சிருக்கார். 2021-ல பேட்டரி செத்துப் போற வரைக்கும், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்.

சுத்தமா தப்பான யோசனை மக்களே. நம்மூர்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்றோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உருவாகும். வண்டி நல்லா சூடானாத்தான் அது ஆவியா சைலன்சர் வழியா வெளிய போகும். அஞ்சு நிமிஷத்துல இஞ்சின் எங்க சூடாகுறது? ஒரு பங்கு சைலன்சருக்குள்ள தங்கி துருப்பிடிக்க வைக்கும், ஒரு பங்கு இஞ்சின் ஆயிலோட கலக்கும். சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணும்போது எரியாத பெட்ரோல் வேற சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயிலைக் கழுவி விட்டுரும். ஸ்டார்ட்டர் மோட்டார் உறிஞ்சின கரண்டை ஐடிலிங்ல அஞ்சு நிமிஷம் ஓடி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஓட்டுறதா இருந்தா ஒரு அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டணும். இல்லைன்னா பேட்டரியைக் கழட்டிட்டு, ஹேண்ட் பிரேக் போடாம சக்கரத்துக்கு செங்கல் வச்சு, தொடாம விட்டுரணும். ரெண்டுங்கெட்டான் வேலைதான் ஆகாது.

சரி, கதைக்கு வருவோம். தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி அப்பா புது பேட்டரி வாங்கிப் போட்டு (எதுக்குன்னு கேட்டா பதில் இல்லை) ஸ்டார்ட் பண்ணியிருக்கார். ரொம்ப நேரம் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆயிருக்கு, ஆனா நாய் உடம்பை உதறுற மாதிரி உதறல். சோக்கை உள்ள தள்ளினா உடனே ஆஃப். பக்கத்துத் தெரு பட்டறைக்காரர் வந்து ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "சார், இஞ்சின் போச்சு. பிரிச்சு வேலை பாத்தா வண்டி விலையை விட ஜாஸ்தியாகும். பழைய இரும்புக்குப் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டார். மாமா ஒருத்தர் இரும்புக்கடை நம்பரே கொடுத்துட்டார். அப்பா எதுவும் பேசலையாம். அம்மாதான் போன் பண்ணி, "அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடலைடா"ன்னாங்க.

போனேன். போய் முதல் நாள் நான் செஞ்ச கூத்து, பட்டறைக்காரரே தேவலாம்ங்கற ரகம். கடைக்குப் போய் மூணு பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் வாங்கிட்டு வந்து ஒரே மூச்சுல மாத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைக்கிறேன்னு பிளக் வயரையும் கழட்டி மாட்டினேன். மாட்டினதுல ரெண்டு வயர் இடம் மாறிப்போச்சு. இந்த இஞ்சின்ல சிலிண்டர்கள் 1-3-2 வரிசையிலதான் வெடிக்கணும். நான் மாட்டின லட்சணத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாம 'டமார்'னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பசங்க தீபாவளி வெடின்னு நினைச்சு ஓடி வந்துட்டாங்க.

ஆபீஸ்ல ஜூனியர் பையன் ஒருத்தன் நாலு இடத்துல கோடை மாத்திட்டு "இப்ப வேலை செய்யுது, ஏன்னு தெரியலை"ன்னா எப்படி வாங்கு வாங்குன்னு வாங்குறேன்! அதே தப்பைத்தான் போர்ட்டிகோவுல பண்ணிட்டு நின்னேன். அப்பா எட்டிப் பாத்துட்டு, "எதை எதை மாத்தினேன்னு எழுதி வச்சிருக்கியா?"ன்னு கேட்டார். கணக்கு வாத்தியார். ஸ்டெப் போடாத பையனுக்கு மார்க் கிடையாது.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோட ஆரம்பிச்சோம். முதல் வேலை, டேங்க்கைக் காலி பண்ணினது. வெளிய வந்தது டீ கலர்ல இருந்துச்சு, பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் நாத்தம். பெட்ரோல் ஊறுகா கிடையாது, வருஷக்கணக்குல வைக்க. சீக்கிரம் தீப்பிடிக்கிற லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் போயிரும். மிச்சம் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து பிசின் ஆயிரும். இதுல எத்தனால் கதை வேற. 2022-ல 10 சதவீதம், 2025-ல 20 சதவீதம்னு கலப்பு ஏறியிருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பாக்கும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற வண்டிகளைத்தான் 20 சதவீதக் கலப்பைத் தாங்குற பொருள்கள்ல செய்யணும்னு ஆக்கியிருக்காங்க. 1998 வண்டியைக் கேக்க நாதியில்லை.

அப்புறம் ஆயிலை மாத்தினோம். பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஊற வச்சோம். சாயங்காலம் நாலாவது கியர்ல போட்டு, வண்டியை மெதுவா முன்ன பின்ன தள்ளி இஞ்சினைச் சுத்த விட்டோம். எங்கயும் மாட்டலை, காத்து மூணு ஓட்டையிலும் 'புஸ் புஸ்'னு ஒரே மாதிரி வந்துச்சு. 'இஞ்சின் போச்சு'ங்கற தீர்ப்பு மேல எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது அங்கதான்.

வயரைச் சரியான வரிசையில மாட்டி, புது பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா திரும்பவும் அதே உதறல். இப்பதான் உருப்படியா ஒரு சோதனை. இஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயரா, ரப்பர் பிடி போட்ட குறடால கழட்டிப் பாக்கணும் (வெறுங்கையால தொட்டீங்கன்னா ஜென்மத்துக்கும் மறக்காது). ஒண்ணாவதைக் கழட்டினா வண்டி இன்னும் தள்ளாடுச்சு. மூணாவதும் அப்படித்தான். ரெண்டாவதைக் கழட்டினா ஒரு மாத்தமும் இல்லை! அது ஏற்கனவே வேலையே செய்யலைன்னு அர்த்தம். பிளக்கை இடம் மாத்தினோம், அப்பவும் ரெண்டாவதுதான் செத்துக் கிடந்துச்சு. அப்ப பிளக் நல்லாத்தான் இருக்கு.

"லைட்டை அணைடா"ன்னார் அப்பா. ராத்திரி எட்டு மணி. போர்ட்டிகோ லைட்டை அணைச்சுட்டு பானெட்டுக்குள்ள பாத்தா, ரெண்டாவது வயரோட நடுவுலேர்ந்து இஞ்சின் உடம்புக்கு நீலமா பொறி தாவிட்டு இருக்கு. வயரைத் திருப்பிப் பாத்தா எலி கடிச்ச பல்லு அடையாளம். ஆக, பிரிச்சு மேயணும்னு சொன்ன இஞ்சினோட முதல் வியாதி எலி!

வயர் செட் மாத்தினதும் மூணு சிலிண்டரும் பேச ஆரம்பிச்சுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அருமை. காலை எடுத்தா ஆஃப். சோக்கைப் பாதி இழுத்து வச்சா நிக்குது. சோக்கை இழுத்தா காத்து குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். அப்படி வச்சாத்தான் ஓடுதுன்னா, ஒண்ணு பெட்ரோல் கம்மியா வருது, இல்லை எங்கயோ திருட்டுக் காத்து நுழையுது. ரப்பர் குழாய் மேல எல்லாம் தண்ணி தெளிச்சுப் பாத்தேன், சத்தத்துல மாத்தமில்லை. அப்ப முதல் கேஸ்தான். வேகமா ஓடும்போது பெட்ரோல் பெரிய ஜெட் வழியா வருது, ஐடிலிங்ல ஒரு ஊசிமுனை ஓட்டை வழியா. பிசின் முதல்ல அடைக்கிறது அந்த சின்ன ஓட்டையைத்தான். கழட்டி வெளிச்சத்துல பாத்தா வெளிச்சமே தெரியலை. கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, காத்தடிச்சு சுத்தம் பண்ணினோம். (கம்பியை விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாச்சுன்னா ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும்.)

இதுல என் கருத்துன்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப நாள் நின்ன வண்டி உதறினா இஞ்சினைச் சந்தேகப்படுறது கடைசியா இருக்கணும். பெட்ரோல், பொறி, காத்து, இந்த மூணையும் ஒண்ணொண்ணா பாத்து முடிக்காம யார் தீர்ப்பு சொன்னாலும் நம்பாதீங்க. அதே சமயம் பட்டறைக்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரலை. மூணு நாள் உக்காந்து, ஒரு வயரை மட்டும் மாத்திட்டு, "தேடினதுக்குக் கூலி மூவாயிரம்"னு அவர் கேட்டிருந்தா நான் கொடுத்திருப்பேனா? "என்னண்ணாச்சி, ஒரு வயருக்கா மூவாயிரம்?"னு சண்டைக்குப் போயிருப்பேன். மாத்தின சாமானுக்குத்தான் நாம காசு கொடுக்குறோம், யோசிச்சதுக்குக் கொடுக்குறதில்லை. அப்புறம் அவர் எதுக்கு யோசிக்கணும்? ஆபீஸ்ல பில் பண்ணும்போது மட்டும் நமக்கு யோசிக்கிற நேரத்துக்கும் மணிக்கணக்கு!

ஆர்.சி. 2023-லயே முடிஞ்சு போச்சு, இன்ஷூரன்ஸ் கிடையாது. டயர்ல இருக்குற நாலு இலக்கத்தைப் பாத்தா (முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்) 2014-ல செஞ்சது. பிரேக் ஆயிலும் மாத்தணும். இதெல்லாம் முடியாம ரோட்டுக்கு எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்பாவும் தலையாட்டினார்.

கிளம்புற அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்தேன். அப்பா வண்டிக்குள்ள இருந்தார். போர்ட்டிகோவுலேர்ந்து கேட் வரைக்கும் இருபதடி. முன்னால போனார், பின்னால வந்தார், மறுபடி முன்னால போனார். என்னைப் பாத்ததும் கண்ணாடியை இறக்கி, "சோக்கு இல்லாமயே நிக்குதுடா"ன்னார்.

பி.கு: டேங்க்லேர்ந்து எடுத்த பழைய பெட்ரோலை சாக்கடைல ஊத்தலாம்னு நினைச்சவனைத் தடுத்தது அம்மா. கேன்ல மூடி போட்டு, அடுப்படிக்குத் தூரமா மாடியில வச்சிருக்கு. என்ன பண்றதுன்னு விவரம் தெரிஞ்ச மக்கள் யாராவது சொல்லுங்கப்பு.